தன்னார்வலரின் சட்ட அறிவும் அதன் தேய்மானமும்

பொருளாதாரக் குறைவினாலோ வேறு இயலாமையினாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி பெறும் வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்பது நமது அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு அரசுக்கு இட்ட பணி. 1976-ஆம் ஆண்டின் 42-வது திருத்தம் இப்பிரிவைச் சேர்த்தது. இதனை நடைமுறைப்படுத்துவதற்கென நாடாளுமன்றம் 1987-இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று செயலுக்கு வந்தது. தேசிய அளவில் தொடங்கி மாநிலம், மாவட்டம், வட்டம் வரை ஆணைக்குழுக்களும் குழுக்களும் அமைந்தன. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலேயே இலவச சட்ட உதவி கிடைக்க வழி செய்யப்பட்டது.

ஆயினும் வழக்கறிஞரின் கட்டணம் இல்லாமற் போவதனால் மட்டும் நீதி இலவசமாகிவிடுவதில்லை. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். அன்றைய கூலியை இழக்க வேண்டும். மனு எழுதித் தருபவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகத்தின் எந்த அறைக்குச் செல்வது என்பதறியாமல் மற்றொரு நாளையும் இழக்க வேண்டும். பொருளாதார நூல்கள் வாய்ப்புச் செலவு என்று குறிப்பிடுவதை நிலமற்ற தொழிலாளி எந்த நூலையும் படிக்காமலேயே நன்கு அறிவார். பல நேரங்களில், வழக்கே வேண்டாம் என்று அவர் முடிவு செய்வது இக்கணக்கின் அடிப்படையில்தான்.

இந்த இடைவெளியைக் குறைப்பதற்கே தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-இல் சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. 2013-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக் குழு உறுப்பினர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் போன்றோரிலிருந்து இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பள்ளியிறுதிப் படிப்பு இருப்பின் போதுமானது. இவர்கள் பெறுவது சம்பளமன்று, பணி செய்த நாளுக்குரிய மதிப்பூதியமே. உதவி பெறுவோரிடமிருந்து பணமாகவோ பொருளாகவோ எதையும் பெறலாகாது என்பது திட்டத்தின் கண்டிப்பான விதி. இவர்கள் வழக்கறிஞர்களும் அல்லர். நீதிமன்றத்தில் வாதிட இயலாது. மக்களைச் சட்ட உதவி இருக்குமிடத்தில் கொண்டு சேர்ப்பதும், சேர்த்த பின் அது பயன் தந்ததா என்று பார்ப்பதும் இவர்களின் பணி.

மூலதனமும் தேய்மானமும்

ஒரு தொழிற்கூடம் இயந்திரம் வாங்கினால், அதன் தேய்மானத்திற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கணக்கில் ஒதுக்குகிறது. தன்னார்வலரிடம் அரசு செய்துள்ள முதலீடு அவர் பெற்ற பயிற்சியே. அதுவும் தேய்வதுதான். ஆனால் இயந்திரத்தின் தேய்மானம் கண்ணுக்குப் புலனாகும். உற்பத்தி குறையும், ஓசை எழும். சட்ட அறிவு தேய்ந்துவிட்டதென்பதை அதை உடையவரே உணர்வதில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் கற்றதை அதே உறுதியுடன் அவர் இன்றும் கூறுவார். இழப்பும் அவருடையதன்று, அவர் சொல்லை நம்பியவருடையது.

இது எவ்வளவு விரைவில் நிகழக்கூடும் என்பதற்கு விசாரணைக் கைதிகள் தொடர்பான விதி ஒன்றே போதிய சான்றாகும்.

1979-இல் பீகார் சிறைகளில் இருந்த விசாரணைக் கைதிகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், தாம் செய்ததாகக் கூறப்பட்ட குற்றத்திற்குரிய தண்டனைக் காலத்தை விடவும் நெடுங்காலம் விசாரணையின்றியே சிலர் அடைபட்டிருந்தது உச்ச நீதிமன்றத்தின் முன் வெளிப்பட்டது. விரைவான விசாரணை அடிப்படை உரிமையின் பாற்பட்டது என்று நீதிமன்றம் அப்போது அறிவித்தது. நிலைமை முற்றிலும் மாறிவிட்டதென்று கூற இயலாது. தேசிய குற்றப் பதிவேடுகள் வாரியத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75.8 பேர்.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டு 2006-இல் செயலுக்கு வந்த 436-ஏ பிரிவு, குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதியை விடுவிக்க வகை செய்தது. சிறைக்குச் செல்லும் தன்னார்வலர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருந்த விதி இது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அதன் இடத்தை 479-வது பிரிவு பெற்றது. பாதி என்பது பொது விதியாகத் தொடர்கிறது. ஆனால் இதற்கு முன் எந்தக் குற்றத்திற்கும் தண்டனை பெறாதவராயின், மூன்றில் ஒரு பங்குக் காலம் கழிந்ததும் நீதிமன்றம் அவரை விடுவிக்க வேண்டும்.

இதனை மாதக் கணக்கில் காண்போம். சாதாரணத் திருட்டுக்கு உச்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். பழைய விதிப்படி கைதி பதினெட்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும். முதன்முறை வழக்கில் சிக்கியவர் புதிய விதிப்படி பன்னிரண்டு மாதங்களில் வெளிவரலாம். பழைய விதியை மட்டுமே அறிந்த தன்னார்வலர், பத்தாவது மாதத்தில் அக்கைதியைச் சந்தித்து, "இன்னும் எட்டு மாதம் பொறுத்திருங்கள்" என்று பரிவுடன் கூறிச் செல்வாராயின், அப்பரிவின் விலை ஒரு மனிதரின் ஆறு மாதங்கள்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. முதன்முறைக் கைதியை விடுவிப்பது 'பாண்டு' எனும் உறுதிமுறியின் பேரில்தான். புதிய சட்டம் இச்சொல்லுக்குப் பிணையாள் இல்லாத சொந்த உறுதிமொழி என்று பொருள் வரையறுத்துள்ளது. பிணையாளுடன் கூடியதற்கு 'பெயில் பாண்டு' என்று வேறு பெயர். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்குரியது மட்டுமன்று. 1978-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மோதி ராம் வழக்கை நினைவிற் கொள்க. கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தும், 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது; அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தமையால் அப்பிணையும் ஏற்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 1,000 ரூபாய்க்கான சொந்த உறுதிமுறியின் பேரில் அவரை விடுவித்தது. பிணையாள் கிடைக்காமை ஏழைக்கு எவ்வளவு பெரிய சுவர் என்பதை அறிந்தவர்களுக்கு, 479-வது பிரிவில் உள்ள அந்த ஒரு சொல்லின் மதிப்பு விளங்கும்.

இனி, இவ்விதி யாருக்குப் பொருந்தாது என்பதையும் தன்னார்வலர் அறிந்திருத்தல் வேண்டும். வீணான நம்பிக்கையளிப்பதும் தீங்கேயாகும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் இதில் அடங்கா. பழைய பிரிவு மரண தண்டனைக் குற்றங்களை மட்டுமே விலக்கியிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் உள்ளவருக்கும் புதிய பிரிவு தடை விதிக்கிறது. வீடு புகுந்து திருடியதாகக் குற்றச்சாட்டு என்றால் அத்துமீறி நுழைந்த குற்றமும் உடன் சேர்க்கப்படுவது வழக்கம். ஆகவே கைதியிடம் மாதக் கணக்கைக் கூறுமுன் வழக்குத் தாளில் எத்தனைப் பிரிவுகள் உள்ளன என்று பார்ப்பது முதல் வேலை. கைதியின் தரப்பிலேயே நேர்ந்த தாமதம் கழிக்கப்படும் என்பதும் கருதத்தக்கது.

ஐம்பத்து மூன்று நாட்கள்

புதிய சட்டம் வந்தவுடன் ஒரு கேள்வி எழுந்தது. 2024 ஜூலைக்கு முன்னர் பதிவான வழக்குகளில் சிறையிலிருப்போருக்கும் இச்சலுகை உண்டா? உண்டு என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 23 அன்று தெளிவுபடுத்தியது. இடைப்பட்டவை ஐம்பத்து மூன்று நாட்கள். ஜூலை முதல் வாரத்தில் புதிய சட்டங்கள் குறித்துச் சிறந்த பயிற்சி பெற்ற ஒருவர், அதன்பின் எவராலும் அழைக்கப்படவில்லையெனில், செப்டம்பரில் சிறையில் இருந்த பழைய வழக்குக் கைதிகளிடம் சரியான விடை கூறியிருக்க முடியாது. ஆண்டுக்கொரு முறை நடைபெறும் புத்தாக்கப் பயிற்சி இத்தகைய தேய்மானத்தை ஈடு செய்யாது என்பதை விளக்க வேறு வாதம் தேவையில்லை.

விதியை நிறைவேற்றும் கடமை சட்டப்படி சிறைக் கண்காணிப்பாளருடையது. உரிய காலம் நிறைந்ததும் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டியவர் அவரே. மாவட்ட நீதிபதியின் தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவும் உண்டு. அவ்வாறாயின் தன்னார்வலர் எதற்கு என்று அதிகாரிகள் சிலர் கேட்கின்றனர். பதிவேட்டில் இல்லாத செய்தி அவரிடம் இருக்கிறது என்பதே விடை. முன்னர் தண்டனை பெற்றவரா, மற்றொரு மாவட்டத்தில் வழக்கு உண்டா, வெளியே யார் இருக்கிறார் என்பன கைதியோடு அவருடைய மொழியில் அமர்ந்து பேசினாலன்றித் தெரியவருவதில்லை.

உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றுள்ளது. 2023 ஜனவரி 31-ஆம் நாளைய ஆணைப்படி, ஜாமீன் கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர், தன்னார்வலரையோ சிறைக்குச் செல்லும் வழக்கறிஞரையோ அனுப்பி உதவலாம். கைதியின் சமூக, பொருளாதார நிலை பற்றி நன்னடத்தை அலுவலரோ தன்னார்வலரோ தயாரிக்கும் அறிக்கையைக் கொண்டு, ஜாமீன் நிபந்தனைகளைத் தளர்த்துமாறு நீதிமன்றத்தைக் கோரலாம். இவ்வறிக்கை எழுதுவது ஒரு தனித் திறன். "மிகவும் ஏழை" என்று எழுதுவது அறிக்கையாகாது. குடும்பத்தில் எத்தனை பேர், உழைப்போர் எவர், ஆண்டில் எத்தனை நாள் வேலை, நிலம் உண்டா, கடன் எவ்வளவு, கேட்கப்பட்ட பிணைத் தொகை அக்குடும்பத்தின் எத்தனை மாத வருவாய்க்குச் சமம் என்றெழுதினால் நீதிபதிக்குப் பயன்படும். பொருளியல் பயிலும் மாணவர்கள் இப்பணிக்கு முன்வருவாராயின் வகுப்பறையில் கற்ற குடும்ப வரவுசெலவு ஆய்வு இங்கே உயிர் பெறும்.

காவல் நிலையத்திலும் இவர்களுக்கு இடமுண்டு. காணாமற்போன குழந்தைகள் பற்றிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் மீதான குற்றப் புகார்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதைக் கவனிக்கக் காவல் நிலையங்களில் முறைவைத்துத் தன்னார்வலர்கள் இருக்க வேண்டும் என்றது. முதல் தகவல் அறிக்கைக்குரிய பழைய 154-வது பிரிவு இன்று 173-வது பிரிவாகியுள்ளது. குற்றம் எந்த எல்லைக்குள் நிகழ்ந்திருப்பினும் தகவலைப் பதிவு செய்யலாம் என்பது அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. "இது எங்கள் நிலையத்தின் எல்லையன்று" என்று திருப்பி அனுப்பப்படும் தாயின் அருகில் நிற்பவருக்கு இவ்வெண் தெரிந்திருக்க வேண்டாமா?

கற்றலை ஏற்பாடு செய்தல்

முறையான படிப்புக்கு வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சட்டத் துணைப்பணியில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. 2013-ஆம் ஆண்டுத் திட்டமும் தொடக்கப் பயிற்சியோடு புத்தாக்கப் பயிற்சிக்கும் பாடங்களை வகுத்துள்ளது. இவை அடித்தளம். இவற்றின் மேல் தொடர்ந்து எழுப்ப வேண்டியது மாவட்டத்தின் பொறுப்பு. அதற்குப் பெருஞ்செலவும் ஆகாது என்பது என் கருத்து.

முதலாவது, மொழி. சட்டத் திருத்தமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் வருகின்றன. தன்னார்வலர் பேசுவது ஒடியாவிலோ சந்தாலியிலோ கோண்டியிலோ இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திற்கும், 'நேற்று வரை இது, இன்று முதல் இது, இவருக்குப் பொருந்தாது' என்ற மூன்றே செய்திகள் கொண்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை வட்டார மொழியில் சில நாட்களுக்குள் சென்று சேர வேண்டும். முப்பது பக்கக் கையேடு ஆறு மாதம் கழித்து வருவதை விட இது மேல். கையேடுகள் அழகாக அச்சாகி அலமாரிகளை நிறைப்பதைப் பல மாநிலங்களில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, பயிற்சி நாளையும் பணி நாளாகக் கருதி மதிப்பூதியம் வழங்க வேண்டும். நாட்கூலியை விட்டுவிட்டு வரும் சுய உதவிக் குழுப் பெண் தன் செலவில் கற்க வேண்டும் என எதிர்பார்ப்பது, தேய்மானச் செலவை இயந்திரமே ஏற்கட்டும் என்பதற்கு ஒப்பாகும்.

பயிற்சியில் சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டுவதால் விளைவது குறைவு. சென்ற மாதம் தன்னார்வலர் எதிர்கொண்டு விடை காணாத கேள்விகளை எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர் ஒருவருடன் அமர்ந்து விவாதிப்பதே பயன் தரும். இதற்கு ஒவ்வொருவரும் நாட்குறிப்பு வைத்திருத்தல் வேண்டும். எத்தனை பேரைச் சந்தித்தேன் என்பதை மட்டுமே இன்றைய படிவங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. எதற்கு விடை தெரியவில்லை என்ற பத்தியையும் சேர்க்கலாம். "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறப் பழகிய தன்னார்வலரே நம்பத்தக்கவர். அவ்வாறு கூறுவோரைக் குறைத்து மதிப்பிடாத மேலதிகாரியும் வேண்டும். சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணைத் தன்னார்வலரே தம் ஐயங்களுக்குப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

நெடுங்காலத் தண்டனை பெற்ற, கல்வியறிவுடைய கைதிகளும் தன்னார்வலராகலாம் என்று திட்டம் கூறுகிறது. வெளியிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருபவரை விட, உள்ளேயே இருக்கும் இவர்களிடமே புதிய கைதி முதலில் பேசுகிறார். ஆனால் மாவட்டத் தலைநகரில் நடக்கும் எந்தப் பயிற்சிக்கும் இவர்கள் வர இயலாது. சுற்றறிக்கையும் சிறை அலுவலகத்தோடு நின்றுவிடக்கூடும். சிறைக்கு வரும் சட்ட உதவி வழக்கறிஞர், கைதிகளைச் சந்தித்த பின்னர் இவர்களுடன் மாதம் ஒரு மணி நேரம் அமர்ந்து அந்த ஒரு பக்கத்தைப் படித்து விளக்குவதற்கு, மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளர் ஓர் ஆணை பிறப்பித்தாலே போதுமானது.