வால்மீனைக் கண்டறிந்த மாணவர்

நுழையும்முன்
நம் அண்டை வீட்டார் தெலுங்கில் ‘தோகசுக்க’ என்று கூறுவதைத் தமிழில் ‘வால்மீன்’ என்கிறோம். ‘தோக’ என்பது வால். ‘சுக்க’ என்பது விண்மீன். மொழி இரண்டாயினும் பொருள் ஒன்றே.

பாடம்
வால்மீன், பனிக்கட்டியும் தூசியும் கலந்த வான்பொருள். அது ஞாயிற்றை நெருங்கும்போது பனி ஆவியாகிறது. வெளிப்படும் வளிமமும் தூசியும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமாக வாலாக நீள்கின்றன. எனவே, ஞாயிற்றைவிட்டு அகலும்போது வால் முன்னே செல்லும். தலை பின்னே செல்லும்.

சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த வைணு பாப்பு, அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகப் பயின்றார். 1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தாம் எடுத்த வான்படத் தகட்டை உற்றுநோக்கினார். விண்மீன்களுக்கு இடையே அறிமுகமற்ற பொருள் ஒன்று தென்பட்டது. அதனைக் கறை என்று ஒதுக்காமல், ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகிர்க் ஆகியோருடன் ஆராய்ந்தார். அது புதிய வால்மீன் என்பது உறுதியாயிற்று. மூவர் பெயராலும் அது ‘பாப்பு–போக்–நியூகிர்க்’ என்று வழங்கப்படுகிறது.

தாயகம் திரும்பிய பாப்பு, இருள் சூழ்ந்த வானம் உள்ள இடத்தைத் தேடினார். சித்தூருக்குத் தெற்கே, வாணியம்பாடியை அடுத்த சவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தார். 1986இல் அங்கு நிறுவப்பட்ட பெரிய தொலைநோக்கியும் அந்த வான் ஆய்வகமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

வால்மீனை நாமும் படம்பிடிக்கலாம். நகர விளக்கொளி படாத இடத்தில், கேமராவை முக்காலியில் அசையாமல் பொருத்த வேண்டும். சில நொடிகள் ஒளி உட்புகுமாறு படம் எடுக்க வேண்டும். நேரம் மிகுந்தால், புவி சுழல்வதால் விண்மீன்கள் கோடுகளாகப் பதியும். அடுத்தடுத்த நாள்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால், விண்மீன்களிடையே வால்மீன் இடம் மாறியிருப்பதைக் காணலாம்.

1986இல் வந்து சென்ற ஹாலி வால்மீன் 2061இல் மீண்டும் வரும். அதனை நோக்க வேண்டியவர்கள் நீங்களே. அதுவரை வானத்தின் இருளைக் காப்பதும் நம் கடமையாகும்.

சொல்லும் பொருளும்
ஞாயிறு – சூரியன்
வளிமம் – வாயு
திங்கள் – மாதம்
தாயகம் – தாய்நாடு

பயிற்சி
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: வைணு பாப்பு வான் ஆய்வகம் அமைந்துள்ள ஊர் ______.
2. பிரித்து எழுதுக: எதிர்ப்புறம், விளக்கொளி.
3. வால்மீனின் வால் எவ்வாறு தோன்றுகிறது?
4. தகட்டில் கண்டதைப் பாப்பு ஒதுக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று இரவுகள் நிலவை நோக்கி, அதன் இடத்தையும் வடிவத்தையும் வரைக.