தாயைக் கவனிக்க வரும் மகளின் காருக்கு அனுமதி

கேள்வி: இங்கிலாந்தில், அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே வாகனம் நிறுத்தக்கூடிய தெருவில் தனியே வாழும் முதிய தாயைக் கவனிக்க, வேறு பகுதியிலிருந்து மகள் அன்றாடம் காரில் வருகிறார். தாயின் ப்ளூ பேட்ஜைத் தம் காரில் வைத்து அவர் நிறுத்தலாமா, தனி அனுமதி பெற வேண்டுமா?

பதில்: தனி அனுமதியே பெற வேண்டும். ப்ளூ பேட்ஜ் என்பது மாற்றுத்திறனாளியின் பயணத்துக்கு உரிய அட்டையே அன்றி, அவரது வீட்டுக்கோ உறவினரின் வாகனத்துக்கோ உரியது அன்று. ஆகவே தாயை ஏற்றிச் செல்லவோ இறக்கிவிடவோ மகள் வரும்போது, அத்தெருவின் விதிகள் இடமளித்தால், அது செல்லும். சமைத்துக் கொடுக்கவும் குளிப்பாட்டவும் மட்டும் வரும்போது செல்லாது. தவறாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதோடு, அட்டை பறிமுதலானால் அதன் இழப்பு தாயையே சேரும்.

பராமரிப்பாளர் அனுமதிச் சீட்டோ, இதற்கு மாறாக, கவனிப்பு தேவைப்படும் முகவரியைச் சார்ந்தது. 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், தெருவில் நிறுத்துமிடங்களை வரையறுக்கவும் அனுமதிச் சீட்டுக்குக் கட்டணம் பெறவும் உள்ளாட்சி மன்றங்களான கவுன்சில்களுக்கு அதிகாரம் அளிக்கிறதே தவிர, பராமரிப்பாளருக்கெனத் தனிச் சீட்டு வழங்கியாக வேண்டும் என்று விதிக்கவில்லை. அதனால் சீட்டின் பெயர், கட்டணம், செல்லுபடியாகும் நேரம் ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ஊதியம் பெறும் பணியாளருக்கு அவரது நிறுவனத்தின் வழியாகவும், ஊதியமின்றிக் கவனிக்கும் உறவினருக்குக் கவனிக்கப்படுபவரின் பெயரிலும் சீட்டு வழங்குவது பரவலான நடைமுறையாகும். எனவே மகள் வாழும் பகுதியின் கவுன்சிலை அன்றி, தாய் வாழும் பகுதியின் கவுன்சிலையே அணுக வேண்டும். மருத்துவரின் கடிதமும், ஓய்வூதிய வயதைக் கடந்து பிறர் கவனிப்பு தேவைப்படுவோருக்கு அரசு வழங்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்னும் உதவித்தொகைக்கான சான்றும் இவ்விண்ணப்பத்துக்கு வலுச்சேர்க்கும். பராமரிப்பாளரின் தேவைகளை ஆராய்ந்து பதிவுசெய்யும், 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படியான மதிப்பீட்டையும் அதே கவுன்சிலிடமே கோரலாம்.

இத்தகைய சீட்டு இல்லாத ஊர்களில், தாய் தம் பெயரில் வாங்கும் விருந்தினர் சீட்டுகளே பெரும்பாலும் எஞ்சும் வழியாகும். நாள்தோறும் வருபவருக்கு இது பெருஞ்செலவாகலாம். லண்டனின் பார்னெட் கவுன்சில் விருந்தினர் சீட்டின் விலையை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாக உயர்த்தியபோது, 1984ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய் திரட்டுவதற்கான சட்டம் அன்று எனக் கூறி, அவ்வுயர்வு சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆயினும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நோக்கில் விதிக்கப்படும் கட்டணத்தை அத்தீர்ப்பு தடுக்கவில்லை.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கவுன்சிலின் அபராத அறிவிப்பு வந்துவிட்டால், 14 நாள்களுக்குள் பாதித் தொகை செலுத்தி முடிக்கலாம். அல்லது கவனிப்பின் அவசரத்தைச் சான்றுகளுடன் விளக்கி மறுப்புத் தெரிவிக்கலாம். தகுந்த காரணம் இருப்பின் அறிவிப்பை எந்நிலையிலும் கைவிடும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. பின்னர் அளிக்கப்படும் முறையான மறுப்பையும் அது ஏற்காவிட்டால், சுயேச்சையான தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம்.