கைவிட்டதைக் காக்கும் வீடு



பாரிஸ் நகரின் கிழக்கே, சேன் ஆற்றின் வலது கரையில் பெர்சி என்ற பகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஒயின் கிடங்குகளின் ஊர். படகில் வந்த பீப்பாய்கள் இறங்கிய இடத்தில் இன்று ஒரு பெரிய பூங்கா பரந்திருக்கிறது. பழைய மரங்களையும் கிடங்குகளுக்குச் சரக்கு கொண்டுபோன தண்டவாளங்களின் துண்டுகளையும் அங்கே அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பூங்காவின் ஓரத்தில், பெர்சி தெருவின் 51-ஆம் எண்ணில் நிற்கும் வெளிர்நிறக் கல் கட்டடம்தான் சினிமாதெக் பிரான்சேஸ். சினிமாவின் பழம்பொருள்களையும் பழம்படங்களையும் காத்து, அவற்றைக் காட்டவும் செய்யும் நிறுவனம் அது.

கட்டடத்தை முதலில் வெளியிலிருந்து ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. தெருப் பக்கம் அது பாரிஸின் மற்ற வீடுகளைப் போல ஓரளவு ஒழுங்காகவே நிற்கும். பூங்காப் பக்கம் வந்தால் ஒழுங்கு கலைந்துவிடும். ஒரு சுவர் முன்னே வளையும், இன்னொன்று சாயும், ஒரு பெட்டி இன்னொரு பெட்டியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். மேலே துத்தநாகத் தகடு போர்த்திய கூரை மடிப்பு மடிப்பாக இறங்கும். பாவாடையைச் சற்றே தூக்கி ஆடும் நடனக்காரி என்று இதைக் கட்டிய பிராங்க் கெரியே வர்ணித்திருக்கிறார். டொராண்டோவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் அவர். 1997-ல் திறந்த பில்பாவ் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் அவரை உலகமெங்கும் தெரிந்தவராக்கியது. பெர்சி கட்டடம் அதற்கு மூன்று ஆண்டு முந்தியது. பில்பாவின் பளபளப்பு இங்கே கிடையாது. பாரிஸ் வீடுகளின் சுண்ணாம்புக் கல்லையும் கூரைகளின் துத்தநாகத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றை மட்டும் வேறு மாதிரி மடித்திருக்கிறார். ஊரின் பொருளிலேயே ஊரில் இல்லாத வடிவம் செய்ததுதான் இந்தக் கட்டடத்தின் சிறப்பு.

இது சினிமாவுக்காகக் கட்டியது அல்ல. பாரிஸில் 1930-கள் முதல் இயங்கிய அமெரிக்கன் சென்டர் என்ற கலாசார நிலையம், தன் பழைய மனையை விற்று, அந்தப் பணத்தில் கெரியிடம் கேட்டு வாங்கிய வீடு இது. 1994-ல் திறந்தார்கள். கட்டி முடிப்பதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. நிகழ்ச்சி நடத்தப் பணம் இல்லை. 1996-ல் கதவு சாத்தப்பட்டது. திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத கட்டடம் ஆளில்லாமல் கிடந்தது. பிறகு பிரெஞ்சு அரசு அதை வாங்கி, உள்ளே மாற்றியமைத்து, 2005 செப்டம்பரில் சினிமாதெக்கிடம் ஒப்படைத்தது. கெரி வெளிச்சம் நிறைந்த வீடாகக் கட்டியிருந்தார். சினிமாவுக்கோ இருட்டு வேண்டும். கண்ணாடி வழியே வெயில் விழும் உயர்ந்த முன்கூடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி இருட்டான அறைகளைப் பொருத்தினார்கள். வாசலில் நுழைந்து திரையரங்குக்குள் போகிறவர், சில அடிகளில் பகலிலிருந்து இரவுக்கு வந்துவிடுகிறார்.

ஒருவர் கைவிட்ட கட்டடத்துக்கு இந்த நிறுவனம் குடிவந்தது மிகப் பொருத்தம். மற்றவர்கள் கைவிட்டதை எடுத்து வைத்துக்கொள்வதற்காகவே பிறந்த நிறுவனம் இது.

1920-களின் இறுதியில் பேசும் படம் வந்தது. அதோடு மௌனப் படங்களுக்குச் சந்தை போயிற்று. விநியோகஸ்தர்களுக்கு அவை கிடங்கை அடைக்கும் சுமை. படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கலாம், மிஞ்சும் செல்லுலாய்டை உருக்கி வேறு பொருள் செய்யலாம். இப்படிப் படங்கள் டன் கணக்கில் அழிந்தன. அதைப் பார்த்துப் பதறிய இளைஞர்களில் ஒருவர் ஆன்ரி லாங்லுவா. 1914-ல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். 1922-ல் அந்த நகரம் எரிந்தபின் குடும்பத்தோடு பாரிஸுக்கு வந்தவர். நண்பர் ஜார்ஜ் பிரான்ஜுவும் வேறு சிலரும் சேர, 1936-ல் சினிமாதெக் பிரான்சேஸ் தொடங்கியபோது அவருக்கு வயது 22கூட நிரம்பவில்லை. எடைக்குப் போகவிருந்த படங்களை வாங்கினார், கேட்டுப் பெற்றார், கிடைத்த இடத்திலெல்லாம் அடுக்கினார். அவர் வீட்டுக் குளியல் தொட்டியிலும் படச்சுருள் இருந்ததாகச் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தபோது, படங்களை ஒளித்துவைப்பது உயிருக்கு ஆபத்தான வேலையாயிற்று. அந்த நாளில் லாங்லுவாவுக்குத் துணை நின்றவர் லோட்டே ஐஸ்னர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத விமர்சகர். தானே தலைமறைவாக இருந்த காலத்தில், தென்பிரான்சில் ஒரு பழைய கோட்டை மாளிகையில் பதுக்கியிருந்த படப்பெட்டிகளைக் கவனித்துக்கொண்டார். போருக்குப் பின் முப்பது ஆண்டு சினிமாதெக்கின் காப்பாளராக இருந்தார். லாங்லுவாவின் பெயர் பரவிய அளவு ஐஸ்னரின் பெயர் பரவவில்லை. இங்குள்ள பழைய உடைகள், செட் வரைபடங்கள், கருவிகள் பலவும் அவர் தேடிக் கொணர்ந்தவை என்பதை அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் காலத்தால் முந்தியது மாய லாந்தர். 1659-ல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வரைந்துவைத்த கருவி. விளக்கு, அதன் முன்னே வண்ணம் தீட்டிய கண்ணாடித் தகடு, அதன் முன்னே ஒரு லென்ஸ், அவ்வளவுதான். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தில் விளக்குக்கும் திரைக்கும் நடுவே பாவை நிற்கும். பாவை எவ்வளவு பெரியதோ ஏறத்தாழ அவ்வளவே திரையில் தெரியும். லாந்தரில் உள்ளங்கை அகலத் தகடு சுவர் முழுக்க விரியும். அந்த வேறுபாட்டைச் செய்வது லென்ஸ்.

அசைவு பிறகு வந்தது. 1832-ல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ ஒரு வட்டத்தட்டின் ஓரத்தில் ஒரே உருவத்தின் அடுத்தடுத்த நிலைகளை வரைந்து, இடையிடையே துளை வெட்டினார். தட்டைச் சுழற்றி, துளை வழியாகக் கண்ணாடியில் பார்த்தால் உருவம் ஆடும். படம் மட்டும் சுழன்றால் வெறும் மங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே கண்ணை ஒரு நொடித்துண்டு மறைக்க வேண்டும். சினிமாவின் அடிப்படை இந்த மறைப்பில் இருக்கிறது. 1882-ல் எத்தியன்-ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். பறக்கும் பறவையை நொடிக்கு 12 படங்களாகப் பிடித்தது அது. அவருக்கு வேண்டியிருந்தது பொழுதுபோக்கு அல்ல, சிறகு எப்படி வேலை செய்கிறது என்ற உடலியல் விடை.

எமில் ரேனோவின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. நீண்ட பட்டையில் கையாலேயே நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து, கண்ணாடிகளின் உதவியால் திரையில் ஓடவிட்டார். 1892 அக்டோபர் 28 முதல் பாரிஸின் கிரெவின் மெழுகுச்சிலை அருங்காட்சியகத்தில் காட்சி நடத்தினார். லூமியேர் சகோதரர்களுக்கு மூன்று ஆண்டு முந்தி, இருட்டறையில் கூட்டமாக உட்கார்ந்து ஜனங்கள் அசையும் படம் பார்த்தது இவரிடம்தான். ஆனால் ஒளிப்படத்தின் வேகத்தோடு கை ஓவியம் போட்டியிட முடியவில்லை. மனம் உடைந்து தன் பட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சேன் ஆற்றில் எறிந்தார்.

லூமியேர்களின் சினிமாட்டோகிராஃப் ஒரு சிறு மரப்பெட்டி. படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது மூன்றையும் அந்த ஒன்றே செய்யும். உள்ளே இரண்டு நகங்கள் பிலிமின் ஓட்டைகளில் மாட்டி, ஒரு கட்டம் இறக்கி, விலகி, மீண்டும் மேலே போய் அடுத்த கட்டத்தைப் பிடிக்கும். தையல் இயந்திரம் துணியை இழுத்து நிறுத்தும் முறையிலிருந்து பிறந்த யோசனை இது. சுமார் 17 மீட்டர் சுருள் ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடியும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயின் நிலவறையில் ஒரு ஃபிராங்க் கட்டணத்தில் முதல் பொதுக்காட்சி நடந்தது. அடுத்த ஜூலையில் அது பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டது. பத்தாண்டில் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் படம் போனதற்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் காரணம்: 1905-ல் திருச்சியில், ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டூபான் என்பவரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கித் தாமே கூடாரம் தூக்கிப் புறப்பட்டார்.

அந்த டிசம்பர் 28 காட்சியில் ஜார்ஜ் மெலியெஸும் இருந்தார். சொந்த அரங்கு வைத்திருந்த மந்திரவித்தைக்காரர். கருவியை விலைக்குக் கேட்டார். லூமியேர்களின் தந்தை கொடுக்கவில்லை. லண்டனிலிருந்து வேறொரு கருவியை வாங்கித் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டார். 2021 முதல் இந்தக் கட்டடத்தின் நிரந்தர அருங்காட்சியகம் அவர் பெயரில் நடக்கிறது.

பாரிஸின் ஒபேரா சதுக்கத்தில் அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பிலிம் சிக்கிக்கொண்டது. சரிசெய்து மறுபடி சுழற்றினார். கழுவித் திரையில் போட்டுப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி சட்டென்று சவ வண்டியாக மாறியது. இது மெலியெஸே சொன்ன செய்தி. கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மீண்டும் ஓட்டினால் மாயம் நடக்கும் என்று அவர் கண்டுகொண்டார். 1897-ல் மோந்த்ரேயில் கூரையும் சுவரும் கண்ணாடியாலான ஸ்டூடியோ கட்டினார். அப்போது படம் எடுக்கச் சூரிய ஒளிதான் விளக்கு. 1900-ல் வந்த ஒரு படத்தில் ஏழு வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஏழு பேரும் மெலியெஸ். கறுப்புப் பின்னணியில் ஒரே பிலிமை மீண்டும் மீண்டும் பின்னுக்குச் சுற்றி, ஒவ்வொரு முறையும் வேறு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. 1901-ல் வந்த இன்னொரு படத்தில் ஒரு தலை ரப்பர் பந்து போல ஊதிப் பெருக்கும். தலை ஊதவில்லை, சாய்தளத்தில் ஓடும் வண்டியில் உட்கார்ந்த மெலியெஸைக் கேமராவை நோக்கி இழுத்தார்கள். இந்தக் காட்சிகளைக் கண்காட்சியில் ஓடும் திரைகளில் பார்த்து, பக்கத்திலேயே அவருடைய வரைபடங்களையும் பார்த்தால், தந்திரம் தெரிந்தபின் வியப்பு குறையவில்லை, கூடுகிறது.

500-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர் கடனில் மூழ்கினார். முதல் உலகப்போரில் ராணுவம் அவருடைய பிரதிகளை எடுத்துக்கொண்டுபோய் உருக்கி, பூட்ஸ் குதிகால் செய்தது. 1923-ல் ஸ்டூடியோவை விற்க நேர்ந்தபோது, வைக்க இடமில்லாத தன் நெகட்டிவ்களைத் தாமே எரித்தார். பிறகு மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் மனைவியோடு பொம்மைக்கடை நடத்தினார். 1936-ல் லாங்லுவாவும் பிரான்ஜுவும் படங்கள் வைக்க ஒரு கட்டடம் தேடினார்கள். ஓர்லியில் மெலியெஸ் தங்கியிருந்த சினிமாக்காரர் முதியோர் இல்லத்தின் வளாகத்திலேயே அது கிடைத்தது. சாவியை அவரிடமே கொடுத்தார்கள். தன் படங்களைத் தீயில் போட்ட கைதான் சினிமாதெக்கின் முதல் பூட்டைக் காத்தது.

அவர் எரித்தது ஏன் அவ்வளவு எளிதாக எரிந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. பிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. பற்றிக்கொண்டால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கக்கும், தண்ணீருக்கடியிலும் எரியும். பற்றாவிட்டாலும் நாள்பட நாள்பட மஞ்சளித்து, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகும். அதற்குப் பின்வந்த அசிடேட் பிலிம் எளிதில் தீப்பற்றாது, ஆனால் வெப்பமும் ஈரமும் பட்டால் காடி வாடை அடித்துச் சுருங்கும். சினிமாதெக்கே 1959-லும் 1980-லும் தீயில் படங்களை இழந்திருக்கிறது. ஆகையால் பெர்சியில் காட்சிதான். பழைய படச்சுருள்கள் நகருக்கு வெளியே குளிரூட்டிய கிடங்குகளில் தூங்குகின்றன. பராமரிப்பு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் வாசகர் வெளியூர் போக வேண்டாம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப் படம் ‘கீசக வதம்’ கிடைக்கவில்லை. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியும் கிடைக்கவில்லை.

சில நேரம் தொலைந்தது திரும்பி வருகிறது. மெலியெஸின் 1902-ஆம் ஆண்டுப் படமான ‘நிலாப் பயணம்’ கையால் வண்ணம் தீட்டிய பிரதிகளாகவும் விற்கப்பட்டது. அப்படி ஒரு பிரதி 1993-ல் பார்சிலோனா ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஒட்டிக் கல்லாகிப்போன சுருளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் படம்பிடித்து, பல ஆண்டு உழைத்து, 2011-ல் கான் திரைவிழாவில் வண்ணத்தோடு காட்டினார்கள்.

படத்தைக் காப்பதா, காட்டுவதா என்று லாங்லுவாவின் நாளில் பெரிய வழக்கு இருந்தது. லண்டன் காப்பகத்தின் எர்னஸ்ட் லிண்ட்கிரன், மூலப்பிரதியை ஓட்டினால் கீறல் விழும், முதலில் நகல் எடுக்க வேண்டும் என்றார். பார்க்கப்படாத படம் செத்த படம் என்பது லாங்லுவாவின் பிடிவாதம். பொருளின் நலனைப் பார்த்தால் லிண்ட்கிரன் சொன்னதே சரி. இன்று காப்பகங்கள் பெரும்பாலும் அவர் வழியில்தான் நடக்கின்றன. ஆனால் லாங்லுவா காட்டியதால் இயக்குநர்களின் ஒரு தலைமுறையே உருவானது. 1948-ல் மெசீன் அவென்யூவில் அவர் திறந்த சுமார் 60 இருக்கைகள் கொண்ட சின்ன அரங்கில் அன்றாடம் வந்து உட்கார்ந்த இளைஞர்களில் த்ருஃபோ, கொதார், ரிவெட் இருந்தார்கள். 1968 பிப்ரவரியில் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியபோது, அவர்கள் தெருவில் இறங்கினார்கள். உலகின் பெரிய இயக்குநர்கள் தங்கள் படங்களைச் சினிமாதெக்கில் காட்டக்கூடாது என்று தந்தி அடித்தார்கள். ஏப்ரலில் அவர் திரும்ப வந்தார். 1972-ல் ஷாயோ மாளிகையில் தன் கனவான சினிமா அருங்காட்சியகத்தைத் திறந்தார். 1977-ல் இறந்தார். இருபது ஆண்டு கழித்து அந்த மாளிகையில் தீப்பிடித்து அருங்காட்சியகம் மூடப்பட்டது. அங்கிருந்து பெட்டிகட்டப்பட்டவற்றுக்கு நிலையான வீடு கிடைத்தது பெர்சியில்தான்.

அந்தச் சேகரிப்பில் ‘சைக்கோ’ படத்துத் தாயின் தலையும் உண்டு. ஹிட்ச்காக் லாங்லுவாவுக்குக் கொடுத்தது. ‘மெட்ரோபோலிஸ்’ படத்து இயந்திரப் பெண்ணும் உண்டு. இது 1927-ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த உருவம் அல்ல. அந்த மூல உருவம் காணாமற்போயிற்று. அதைச் செய்த சிற்பி வால்டர் ஷுல்ட்சே-மிட்டன்டார்ஃபே பல்லாண்டு கழித்து லாங்லுவாவுக்காக மறுபடி செய்து கொடுத்தது இது.

மேல்மாடிகளில் திரைக்கதைகள், சுவரொட்டிகள், படப்பிடிப்புக் குறிப்புகள் கொண்ட நூலகம் இருக்கிறது. கீழே திரையரங்குகள். பெரியதற்கு லாங்லுவாவின் பெயர். அதில் 400-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். மற்றவற்றுக்குப் பிரான்ஜு, இயக்குநர் ஜான் எப்ஸ்டைன், லோட்டே ஐஸ்னர் பெயர்கள். லாங்லுவா மௌனப் படங்களை இசையே இல்லாமல் ஓட்டுவார். இப்போது பியானோ துணையோடு காட்டுவதும் உண்டு. கண்காட்சியைப் பார்த்துவிட்டு அன்றைய படம் ஒன்றுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்பவருக்கே வருகை முழுமையாகும். பெர்சி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.