எஸ்சிட்டலோபிராம்: முதல் மாத்திரையிலிருந்து கடைசி மாத்திரை வரை

மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் மருத்துவர்கள் அதிகம் எழுதித் தரும் மாத்திரைகளில் ஒன்று எஸ்சிட்டலோபிராம். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். முதல் பத்து நாளுக்குள் “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டியவர்கள் நாலைந்து மாதம் கழித்து “இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே” என்று நிறுத்திவிடுவார்கள். மருந்து எந்த வரிசையில் வேலை செய்யும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லாததால் வருகிற வினை இது. தொந்தரவுகள் முதல் வாரமே வந்துவிடும். பலன் இரண்டு வாரத்துக்கு முன் தலைகாட்டுவது அரிது. முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் மருந்து கெடுதல் மட்டுமே செய்வதுபோல் தோன்றும்.

தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை என்ற கவலை வேண்டாம், அட்டையை நீட்டினால் போதும். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அந்தப் பையில் இருக்கட்டும். பிரஷருக்காகச் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஒற்றைத் தலைவலி மாத்திரை, வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவை எஸ்சிட்டலோபிராமோடு சேரும்போது கணக்கு மாறும். தினமும் காலையில் போடும் கேஸ் மாத்திரையையும் விடாதீர்கள். ஒமெப்ரசோல் எஸ்சிட்டலோபிராமை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கவைக்கும்.

அடுத்தது, பலருக்கு நோய் என்றே தோன்றாத ஒன்று. முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், கையில் இருந்த பணத்தையெல்லாம் செலவழித்துக்கொண்டு, உலகையே ஆளலாம் என்ற வேகத்தில் இருந்தீர்களா? குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்ததா? “அப்போது சந்தோஷமாகத்தானே இருந்தேன்” என்று அதை மறைத்துவிட்டால் ஆபத்து. இருமுனை மனநோய் உள்ளவருக்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அந்த வேகம் மறுபடி கிளம்பிவிடக்கூடும்.

இதயத்துடிப்பில் கோளாறு இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ சொல்லுங்கள். ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பமாக இருந்தாலும், அதற்குத் திட்டமிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், கர்ப்பம் உறுதியான பதற்றத்தில் அன்றே நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் தாயையும் குழந்தையையும் பாதிக்கும், அதனால் மருத்துவரோடு சேர்ந்தே முடிவெடுங்கள்.

சீட்டையும் அட்டையையும் படியுங்கள்

சீட்டில் 1-0-0 என்றிருந்தால் காலையில் ஒன்று, 0-0-1 என்றிருந்தால் இரவில் ஒன்று. தூக்கம் கெட்டால் காலைக்கும், பகலில் அசத்தினால் இரவுக்கும் மாற்றுவது வழக்கம். அதையும் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவான அளவு நாளுக்கு 10 மி.கி. சிலருக்கு முதல் வாரம் 5 மி.கி.யில் தொடங்குவார்கள். உச்ச அளவு 20 மி.கி.; 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக 10 மி.கி.க்கு மேல் போவதில்லை.

நம் ஊர் மருந்துக் கடைகளில் எஸ்சிட்டலோபிராமும் குளோனாசிபாமும் ஒரே மாத்திரையில் கலந்து விற்கப்படுகின்றன. இரண்டுக்கும் குணம் வேறு. குளோனாசிபாம் உடனே அமைதியையும் தூக்கத்தையும் தரும், ஆனால் சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். “மன மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம்” என்ற ஊர்ப்பேச்சுக்கு இந்தக் கலப்பு மாத்திரையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எஸ்சிட்டலோபிராம் போதை தராது. அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கமும் வராது. அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: “இந்த இரண்டாவது மருந்து எத்தனை நாளைக்கு?” அந்தக் கேள்விக்கு ஒரு தேதி பதிலாக வர வேண்டும். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் மருந்தின் பெயர், மி.கி., கலப்பு உண்டா என்ற மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மாமியாருக்குத் தெரியக்கூடாது, அறைத்தோழருக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரைகளைப் பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைப்பவர்கள் உண்டு. வேறு யாராவது எடுத்து விழுங்கிவிடலாம், அவசரத்தில் என்ன மருந்து என்று யாருக்கும் சொல்லத் தெரியாமலும் போகலாம். அட்டையோடே வையுங்கள்.

முதல் இரண்டு வாரம்

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வாய் வறட்சி, வியர்வை, கொட்டாவி, தூக்கக் குறைவு. இவற்றில் இரண்டு மூன்று பலருக்கு வரும், ஒன்று இரண்டு வாரத்தில் தணியும். “உடம்பு சூடாகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூளையில் வேலை செய்யும் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, அதனால்தான் வயிறு முதலில் முறையிடுகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும்.

அந்தக் குமட்டலுக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் இரண்டுமே எஸ்சிட்டலோபிராமைப் போல இதயத்தின் மின்துடிப்பை நீட்டக்கூடியவை. கேஸ் கேப்ஸ்யூல் பலவற்றில் டோம்பெரிடோன் ஒளிந்திருக்கும். இருமல் மருந்திலும் கவனம் வேண்டும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ளவை இதோடு சேரக் கூடாதவை. எந்தக் கடைக்குப் போனாலும், “எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறேன், இதோடு சேரலாமா?” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பதற்ற நோய்க்காரர்களுக்கு முதல் சில நாட்கள் படபடப்பு கூடுவதும் உண்டு. இந்தக் காலத்தில் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது துணைக்காக மட்டும் இல்லை. மனம் தேறுவதற்கு முன்பே உடலில் தெம்பு திரும்பிவிடுவது உண்டு, அந்த இடைவெளியில் தவறான எண்ணங்கள் வலுப்பெறலாம். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் எச்சரிக்கையை மருந்தின் தகவல் குறிப்பிலேயே அச்சிடவைத்தது. மருந்தே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. முதல் வாரங்களில் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்படிப்பட்ட எண்ணம் ஏற்கெனவே இருந்தவர் என்றால் ஒரு வார, இரண்டு வார அளவுக்கு மட்டும் மருந்து வாங்கி, வீட்டில் ஒருவர் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ, ஒரு இடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு வந்தாலோ அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் கிடைக்காவிட்டால் டெலி மானஸ் எண்ணான 14416 இருக்கிறது. இந்திய அரசின் இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108.

உடல் கொதித்து, கை கால் விறைத்து உதறி, குழப்பமும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் அது செரட்டோனின் அளவுமீறிய நிலையாக இருக்கலாம். பெரும்பாலும் இன்னொரு மருந்து சேர்ந்த சில மணி நேரத்தில் வரும். மயக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு, கறுப்பாக மலம் போவது இவையும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை. வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ தள்ளாடி விழுந்தாலோ வயது என்று விட்டுவிடாதீர்கள். இந்த மருந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அது இன்னும் எளிதில் நடக்கும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சொல்லக் கூசும் தொந்தரவு

தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது இந்த மருந்தில் சகஜம், பெண்களுக்கும்தான். மற்ற தொந்தரவுகளைப் போல இது இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. இந்தத் தாமதம் எவ்வளவு நிச்சயமானது என்றால், இதே வகை மருந்துகளை விந்து முந்துதலுக்குச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள். மருத்துவர் கேட்கவில்லை, நாமாக எப்படிச் சொல்வது என்று தயங்கிப் பலர் ஓசைப்படாமல் மருந்தை விட்டுவிடுகிறார்கள். அளவைக் குறைப்பது, மிர்டாசபின் அல்லது பூப்ரோப்பியானுக்கு மாறுவது என வழிகள் இருக்கின்றன. வாய்விட்டுச் சொல்ல வரவில்லையா, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். அழுகையும் வரவில்லை சிரிப்பும் வரவில்லை, எல்லாம் மரத்துப்போய் இருக்கிறது என்றாலும் சொல்லுங்கள். சில நேரம் அளவைச் சரிசெய்தாலே அது விலகும்.

அன்றாடம்

பத்தியம் கிடையாது. வெறும் வயிற்றிலும் போடலாம் என்பதால் நோன்பு, விரத நாட்களிலும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு தொடரலாம். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வரும்போது போடுங்கள், மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்; இரண்டாகப் போடாதீர்கள். மது வேண்டாம், குளோனாசிபாம் கலந்திருந்தால் கண்டிப்பாகவே கூடாது. உடல் பழகும்வரை வண்டி ஓட்டுவதையும் தள்ளிவையுங்கள்.

நிறுத்தும் காலம்

முதல் முறை மனச்சோர்வு வந்தவர் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். கணக்கு தொடங்குவது குணமான நாளிலிருந்து, மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல. திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஒரேயடியாக நிறுத்தினால் சில நாட்களில் தலைசுற்றல், எரிச்சல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் பளீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். படிப்படியாகக் குறைப்பதே முறை. 10, பிறகு 5, பிறகு 2.5 என்று வாரக்கணக்கில். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கில். கடைசிப் படிகள்தான் கடினம். சிறிய அளவுகூட மூளையில் பெரிய வேலை செய்துகொண்டிருப்பதால் அங்கே இன்னும் மெதுவாக இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது எளிதாகத் தெரியும். ஆனால் ஏறக்குறைய 30 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி மருந்து கரைந்துவிடுவதால், அளவு ஏறி இறங்கி உடலை அலைக்கழிக்கும். தினமும் சிறிய அளவே மேல்.

குறைக்கும்போது வருவது மருந்து விலகும் தொந்தரவா, நோய் திரும்புகிறதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். முன்னது சில நாட்களுக்குள் வரும், மின்னல் உணர்வும் தலைசுற்றலும் கூடவே இருக்கும், பழைய அளவுக்குத் திரும்பினால் பெரும்பாலும் விரைவில் அடங்கும். நோய் திரும்புவது வாரக்கணக்கில், ஓசையில்லாமல் நடக்கும்: விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, போன் அடித்தால் எடுக்க மனமில்லாமை, குளிக்கக்கூட சோம்பல். உங்களுக்கு முதலில் எது வந்தது என்பதை வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். உங்களுக்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிடும். பட்டால் பழைய அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். மிச்சம் கிடக்கும் மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.