ரெண்டு கையிலும் பி.பி. பார்த்தீங்களா?

துணி பிழியும்போது, குடம் தூக்கும்போது ஒரு கை மட்டும் சீக்கிரம் சோர்ந்து வலிக்குதா? கூடவே தலைசுற்றல், விடாத லேசான காய்ச்சல், எடைக் குறைவும் இருக்கா? ‘வேலை அலுப்பு’ என்று விட்டுவிடாதீர்கள். ரத்தக்குழாய் அழற்சியாகவும் இருக்கலாம்.

அதில் ஒரு வகை, தகாயாசு நோய். ஜப்பானிய கண் மருத்துவர் மிகிதோ தகாயாசு 1908-ல் இதை எழுதி வெளியிட்டார். ஆசிய நாடுகளில், 40 வயதுக்குட்பட்ட பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் வீங்க, அதன் கிளைகள் சுருங்குகின்றன. பாதித்த கையில் நாடி மெலியும், பி.பி. குறைவாகக் காட்டும். உண்மையில் அது எகிறியிருந்தாலும் தெரியாமல் போய்விடும்.

அதனால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், “ரெண்டு கையிலும் பாருங்க” என்று கேளுங்கள். மறுபடி பார்த்தும் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதற்கான ருமட்டாலஜி பிரிவு உண்டு.

ஸ்டீராய்டு மாத்திரை தந்தால், வலி குறைந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகமா? 104-க்கு அழையுங்கள். திடீரெனப் பார்வை மங்கினாலோ, கை கால் இழுத்துக்கொண்டாலோ உடனே 108!