கிளி பேணல்

கயத்தாற்றுப் பக்கத்துப் பட்ட பனைகளின் பொந்துகள் பச்சைக்கிளி குஞ்சு பொரித்தற்கு ஏற்ற இடங்களாம். அங்கிருந்து குஞ்சைக் கவர்ந்து கூண்டிலிட்டு வளர்த்தலைச் சிலர் அன்பெனக் கருதுவர். 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டமோ அதனைக் குற்றமென்கின்றது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கிளியை இரண்டாம் அட்டவணையிற் சேர்த்துளது. ஆகலின், நாட்டுக்கிளிக்கு நாம் செய்யத்தக்க முதற்பேணல் பட்ட பனையை வெட்டாது விடுதலேயாம். வீழ்ந்து கிடக்கும் குஞ்சைக் காணின், வனத்துறையினர்க்கு அறிவித்தல் வேண்டும்.

கிளி வளர்க்க விழைவோர், 'லவ் பேர்ட்ஸ்' என நம்மவர் பொதுவாக வழங்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளியை வளர்க்கலாம். அதற்கு வரும் நோய்கள் பலவற்றிற்கு உணவுக் குறையே காரணம். தினை மட்டும் தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குன்றி, மூச்சுறுப்புகள் நலிவுறும். ஆதலின் கீரையும் காரட்டும் நாடோறும் சேர்த்தளிக்க வேண்டும். பச்சைமிளகாயும் ஈயலாம், அதன் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. 'பட்டர் புரூட்' எனும் வெண்ணெய்ப்பழமோ நஞ்சாம்.

கிளி தன் பிணியை எளிதிற் புலப்படுத்தாது. இறகு சிலிர்த்துக் கூண்டின் அடியிற் குந்தியிருத்தலும், மூச்சுதோறும் வால் அசைதலும் நோய் முற்றியமைக்கு அறிகுறிகளாம். அந்நிலையில் அன்றே கால்நடை மருத்துவரை நாடுக.

உலர்ந்த எச்சத்தின் தூசியால் கிளிக்காய்ச்சல் மாந்தர்க்கும் பற்றும். 1929, 1930-ஆம் ஆண்டுகளில் அது பல நாடுகளிற் பரவிற்று. ஆதலின் எச்சத்தை நீர் தெளித்து நனைத்த பின்னரே அகற்றுக. புதிதாய் வாங்கிய கிளியை முப்பது நாள் தனியே வைத்துக் காத்திடுக.

பறந்து சென்று தன் இரையைத் தேடும் உரிமையைக் கூண்டுக்கிளி இழந்தது. அதன் பசிக்கும் பிணிக்கும் நாமே பொறுப்பாவோம்.