கியர் விழவில்லையா? இஞ்சினைப் பிரிக்கமுன் பார்க்க வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பமொன்றிடம் எஞ்சியிருக்கும் பெறுமதியான பொருள் பல வேளைகளில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். விடியற்புறத்தில் பால் கொண்டுபோவதும், தூரத்துக் குத்தகைக் காணிக்குப் போவதும், இரவில் காய்ச்சற்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதிலேதான். அது நின்றால் வீட்டு வரவும் நின்றுவிடுகின்றது.

சில வருடங்களுக்கு முன்னர் நாம் பணிசெய்த கிராமமொன்றில் ஒரு விவசாயி எம்மிடம் கடன் கேட்டு வந்தார். "பாதர், கியர்ப் பெட்டி போட்டுதாம். இஞ்சினைப் பிரிக்க வேணுமெண்டு சொல்லுறாங்கள்" என்றார். விதைநெல்லுக்கென வைத்திருந்த காசை முற்பணமாக ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார். வண்டியைப் போய்ப் பார்த்தோம். கியர் லீவர் தனது தண்டிலே தளர்ந்து சும்மா சுழன்றது. அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு போல்ட் கழன்றிருந்தது, அவ்வளவுதான். முற்பணம் திரும்பி வரவேயில்லை. இந்தப் பாடத்தை எழுத வேண்டுமென அன்றைக்கே எண்ணினோம்.

ஆகவே முதலில் வெளியே பாருங்கள். லீவரைக் கையால் அசைத்தால் அதனுடன் தண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். லீவர் மட்டும் அசைந்தால் போல்டை இறுக்குங்கள். உட்பற்கள் தேய்ந்திருந்தால் புது லீவர் போதும். வண்டி விழுந்தபின் லீவர் வளைந்து இஞ்சின் மூடியில் முட்டுவதும் உண்டு. வயல் வழியே ஓடும் வண்டியில் வைக்கோலும் சேறும் இறுகிக் கிடப்பதையும் கண்டிருக்கின்றோம்.

வெளியே பிழையில்லையெனின் பின்வரும் பரீட்சையைச் செய்யுங்கள். காசு செலவில்லை, இரண்டு பேர் மட்டும் வேண்டும். இஞ்சினை நிறுத்தி, பின்சில்லு நிலத்தில் முட்டாதபடி வண்டியை நடுத் தாங்கியில் நிறுத்துங்கள். ஒருவர் கிளச் லீவரை முழுதாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கியராகப் போட, மற்றவர் ரயரில் பிடித்துச் சில்லை மெதுவாகச் சுழற்றட்டும். செயினுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோக வேண்டாம். எல்லாக் கியரும் இலேசாக விழுகின்றனவா? இஞ்சின் ஓடும்போது மட்டும்தான் கரகரத்து இறுகுகின்றதா? அப்படியாயின் கியர்ப் பெட்டி பெரும்பாலும் சுகமாக இருக்கின்றது. கிளச் சரியாக விடுபடவில்லை என்பதே அதன் பொருள். இஞ்சின் நின்றிருக்கும்போதும் ஒரு கியர் விழ மறுத்தால் மாத்திரமே உள்ளே சந்தேகப்பட வேண்டும்.

கிளச் விடுபடாமைக்கு முதற் காரணம் வயர். லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசையும் இடைவெளி இருக்க வேண்டும். அதற்குமேல் தளர்ந்தால் கிளச் விடுபடாது. இடைவெளி அறவே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும். வயரின் இழைகள் அறுந்து தும்பாகியிருந்தால் வழியில் விட்டுவிடுமுன் மாற்றுங்கள்.

நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் கிளச் பிளேற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிழமைக்கணக்கில் நின்ற வண்டிகளிலும் இது நேரக்கூடியதாக இருந்தது. இஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் உந்தினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

அடுத்தது ஒயில். நாம் ஓட்டும் நான்கு வீச்சு வண்டிகள் அநேகமானவற்றில் இஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். உழவு இயந்திரத்துக்கு வாங்கியதில் மிஞ்சியதை ஊற்றும் பழக்கம் எமது மக்களிடம் உண்டு. தடித்த ஒயிலில் பிளேற்றுகள் இலகுவில் பிரியமாட்டா. மறுபுறத்தில், காருக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் கலவை இருப்பதால் கிளச் வழுக்கும். கலனில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற குறி உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஒயில் மாற்றாமல் ஸ்ராட் பண்ணவே கூடாது.

கிளச் லீவர் இல்லாத ஹொண்டா எம்.டி. 90, சி. 90 போன்ற வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. இவற்றில் இஞ்சின் வேகம் கூடினால் கிளச் தானாகவே பிடிக்கும். நின்று ஓடும் வேகம் அதிகமாக இருந்தால் முதலாம் கியர் போட்டவுடன் வண்டி துள்ளும். எனவே முதலில் காபரேற்றரில் அந்த வேகத்தைக் குறையுங்கள். அதன் பின்பும் இறுகினால் வலப்பக்க மூடியிலுள்ள கிளச் ஸ்குறூவைச் சரிசெய்யலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குறூவை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். பின்னர் இலேசான தடை தெரியும்வரை இடஞ்சுழியாக மெல்லத் திருப்பி, அங்கிருந்து எட்டிலொரு சுற்று வலஞ்சுழியாக விட்டு, ஸ்குறூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

"கியர் பாயுது" என்று சொல்லப்படுவதெல்லாம் கியர் அல்ல. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லையெனின் கிளச் வழுக்குகின்றது. கடக் கடக்கென்று அதிர்ந்தால் செயின் பல்தாண்டுகின்றது. பின்பற்சில்லின் பின்விளிம்பில் செயினை வெளியே இழுத்துப் பாருங்கள்; பல்லில் அரைவாசி தெரிந்தால் செயினும் பற்சில்லுகளும் தேய்ந்துவிட்டன. இவை இரண்டும் இன்றி, ஓடும்போது லீவரே தானாக நகர்ந்து நியூற்றல்போல் வெறுமையானால்தான் கியர் கழன்றது. ஒரே கியர் மட்டும் கழன்றால் அதன் பிடிபற்கள் அல்லது அதை நகர்த்தும் கவை தேய்ந்திருக்கும். இதற்கு இஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். லீவரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடிச் சமாளிப்பவர்கள் நல்ல பாகத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மிதித்த லீவர் திரும்பி வராவிட்டால் மீள்ஸ்பிரிங் உடைந்திருக்கும். அநேக வண்டிகளில் அது கிளச் மூடிக்கு உள்ளேயே இருக்கின்றது. மூடியைக் கழற்றினால் போதும், இஞ்சினைப் பிளக்கத் தேவையில்லை.

கராஜுக்குப் போகும்போது "கியர் பழுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரில், சூட்டிலா குளிரிலா, பாரத்தோடா வெறுமையிலா, இஞ்சின் நின்றபோது விழுந்ததா என்று சொல்லுங்கள். "தம்பி, பிரிக்கமுன் என்னைக் கூப்பிடு" என்றும் சொல்லி வையுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கடையில் புதியதோடு வைத்து ஒப்பிட அது வேண்டும்.